நிகழ்தகவும் கணிதப் புள்ளிவிபரவியலும்: கம்பஸ் போகும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

உயர்தரம் முடித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகள், முதலாம் இரண்டாம் வருடத்தில் நிகழ்தகவுப் பாடத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், சில வேளை அவர்களின் அம்மா அப்பாமார் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இந்தப் பாடத்தைப் படித்து, இப்போது படிப்பித்துக்கொண்டும் இருப்பதால் எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குத் தாளும் பேனையும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நிகழ்தகவும் கணிதப் புள்ளிவிபரவியலும் ஒரே பாடமா?

இல்லை, ஆனால் ஒன்றில்லாமல் மற்றது நடக்காது. வித்தியாசத்தை ஒரு கிணற்றுக் கணக்கில் காட்டலாம்.

ஓர் ஊரில் 30 வீதமான கிணறுகளில் நைத்திரேற்று அளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும் என வையுங்கள். எழுமாற்றாக 10 கிணறுகளைச் சோதித்தால் குறைந்தது 4 கிணறு எல்லையைத் தாண்டியிருப்பதற்கான நிகழ்தகவு என்ன? ஈருறுப்புப் பரம்பலைப் போட்டால் 0.35 வரும். இது நிகழ்தகவுக் கேள்வி. ஊர் எப்படி இருக்கிறது என்று தந்துவிட்டார்கள், தரவு எப்படி வரும் என்று கேட்கிறார்கள். விடை ஒன்றுதான்.

இனி ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என வைப்போம். 10 கிணறு சோதித்தோம், 4 கிணறு தாண்டியிருந்தது. ஊர் முழுக்க எத்தனை வீதம்? 40 என்று சொல்லத் தோன்றும். 95 வீத நம்பிக்கை ஆயிடையை (உண்மையான வீதம் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கலாம் என்று சொல்லும் வீச்சை) ஈருறுப்புப் பரம்பலிலிருந்தே கணித்தால் ஏறத்தாழ 12 வீதத்திலிருந்து 74 வீதம் வரை நீளும். பத்துக் கிணற்றை வைத்துக்கொண்டு நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இது புள்ளிவிபரவியல் கேள்வி. இதற்கு வேறு வேறு முறைகள் உண்டு, ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபட்ட விடை தரும். எந்த முறை எதனால் நல்லது என்று நிறுவுவதுதான் கணிதப் புள்ளிவிபரவியலின் வேலை.

இணைந்த கணிதத்தில் நிகழ்தகவு படித்துவிட்டோமே, அது போதாதா?

தொடங்குவதற்குப் போதும். ஆனால் எத்தனை பேர் உண்மையில் படித்துவிட்டு வருகிறார்கள்? இணைந்த கணிதம் இரண்டாம் வினாத்தாளின் பகுதி ஆ வில் 7 வினாக்களில் 5 க்கு எழுதினால் போதும். அதனால் ரியூசனிலேயே நிலையியலையும் இயக்கவியலையும் உருப்போட்டு, நிகழ்தகவை விட்டுவிடுகிற பழக்கம் வந்துவிட்டது. பரீட்சைக்கு அது கெட்டித்தனமாக இருக்கலாம். கம்பஸ் வந்து முதல் அரையாண்டிலேயே அதன் விலை தெரியும்.

பாடசாலையில் பந்து, பெட்டி, பகடை என்று எண்ணக்கூடியவற்றோடு நிற்கிறோம். பல்கலைக்கழகத்தில் தொடர்ச்சியான எழுமாற்று மாறி வந்தவுடன் கூட்டுத்தொகை இருந்த இடத்தில் தொகையீடு வந்து உட்காரும். ஒவ்வொரு தனிப் பெறுமானத்துக்கும் நிகழ்தகவு பூச்சியம், ஆனாலும் ஏதோ ஒரு பெறுமானம் வரத்தான் செய்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் எடுக்கும். அந்தக் கொஞ்ச நாளை அவசரப்படாமல் கொடுங்கள்.

என்ன கணிதம் கையில் இருக்க வேண்டும்?

தொகையீடும் வகையீடும் தடங்கல் இல்லாமல் வர வேண்டும். முடிவிலித் தொடர்களின் கூட்டுத்தொகை, அடுக்குக்குறித் தொடர், பிறகு தாயங்கள். இவ்வளவும் பாதி வழி. மீதிப் பாதி இரட்டைத் தொகையீடு. அதில்தான் கனபேர் தடுக்கி விழுகிறார்கள், அதுவும் தொகையீட்டில் அல்ல, எல்லைகளைப் போடுவதில்.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு நண்பர்கள் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் மாலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில் வருவதாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் வரும் நேரம் மற்றவரைச் சாராது. வந்தவர் 15 நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். சந்திப்பார்களா? நேரே தொகையீட்டில் இறங்கினால் மூன்று துண்டுகளாகப் பிரித்து எல்லை போட வேண்டிவரும். ஒரு சதுரம் கீறுங்கள். கிடையில் முதலாமவர் வரும் நேரம், நிலைக்குத்தில் இரண்டாமவர் வரும் நேரம். சந்திக்காத பகுதி இரண்டு மூலைகளில் இரண்டு முக்கோணங்கள். அவற்றை ஒன்றாகப் பொருத்தினால் பக்கம் 45 நிமிடமான சதுரம், அதாவது முழுப் பரப்பில் பதினாறில் ஒன்பது பங்கு. சந்திப்பதற்கான நிகழ்தகவு பதினாறில் ஏழு. முதலில் படம், பிறகு தொகையீடு. இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொண்டால் இணைந்த பரம்பல்கள் பயமுறுத்தாது.

தமிழில் படித்த எங்களுக்கு ஆங்கிலத்தில் ஓடுமா?

ஓடும். விஞ்ஞான பீடத்தில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான், ஆனால் இந்தப் பாடத்தில் வசனங்கள் குறைவு. கேள்வியில் ‘குறைந்தது’, ‘அதிகபட்சம்’, ‘என்று தரப்பட்டால்’ ஆகியவற்றுக்கு என்ன ஆங்கிலம் வருகிறது என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். விடையைத் தலைகீழாக்குபவை அவைதான். ஒவ்வொரு வரைவிலக்கணத்தையும் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் உங்கள் தமிழில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். ஓர் அரையாண்டு இப்படிச் செய்தால் போதும்.

சூத்திரங்களைப் பாடமாக்கினால் சித்தியடையலாம்தானே?

சித்தியடையலாம். பாடம் வராது.

இந்தப் பாடத்தில் கடினம் கணிப்பதில் இல்லை. எது எழுமாறாக இருக்கிறது, எது நிலையானது, எதை எதைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறோம், எது ஏற்கனவே தெரியும்: இந்த நான்கையும் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் சொந்த வசனத்தில் எழுதப் பழக வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்லப்போவது அடிப்படையில் இதுதான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் விடையின் முதல் இரண்டு வரியைச் சொற்களால் எழுதாவிட்டால் நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை. முதலில் எரிச்சற்படுவார்கள், இரண்டு மாதத்தில் பிழைகள் பாதியாகக் குறையும்.

புவாசோன் பரம்பலை எடுங்கள். ‘ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 4’ என்று கேள்வியில் பார்த்தவுடன் கை தானாகப் புவாசோன் சூத்திரத்தை எழுதிவிடும். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் மற்றதைச் சாராமல், தனித்தனியாக, ஒரே சராசரி வேகத்தில் நடக்க வேண்டும். ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்கள் அப்படி வருவார்களா? ஒரு பஸ் வந்து நின்றால் பத்துப் பேர் ஒன்றாக இறங்குவார்கள். காலை 8 மணியும் பிற்பகல் 2 மணியும் ஒன்றல்ல. அப்போது புவாசோன் பொருந்தாது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைதான் பாடத்தைப் படித்த பிள்ளை.

நிபந்தனை நிகழ்தகவு மட்டும் ஏன் எவ்வளவு படித்தாலும் குழப்புகிறது?

ஏனென்றால் ‘நோய் இருந்தால் சோதனை காட்டும்’ என்பதையும் ‘சோதனை காட்டினால் நோய் இருக்கிறது’ என்பதையும் மனம் ஒன்றாக்கிவிடுகிறது. சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஆட்களை எண்ணுங்கள்.

மாரி முடிகிற காலத்தில் இங்கே டெங்குக் காய்ச்சல் கூடும். காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 20 பேருக்கு டெங்கு என வைப்போம். ஒரு சோதனை, டெங்கு உள்ளவர்களில் 90 வீதமானோரைச் சரியாகப் பிடிக்கிறது. டெங்கு இல்லாதவர்களில் 5 வீதமானோருக்கும் பிழையாக ‘உண்டு’ என்று காட்டுகிறது. (இலக்கங்கள் கணக்குக்காக வைத்தவை.) டெங்கு உள்ள 20 பேரில் 18 பேருக்கு ‘உண்டு’ வரும். இல்லாத 980 பேரில் 49 பேருக்கும் ‘உண்டு’ வரும். மொத்தம் 67 பேர். அவர்களில் உண்மையாக டெங்கு உள்ளவர்கள் 18 பேர், அதாவது 27 வீதம் மட்டும்.

90 வீதம் சரியான சோதனை எப்படி 27 வீதத்தில் வந்து நிற்கிறது? நோய் அரிதாக இருப்பதால்தான். அதே சோதனையை, ஊரில் டெங்கு பரவி 1,000 பேரில் 300 பேருக்கு நோய் உள்ள கிழமையில் செய்தால், ‘உண்டு’ வந்தவர்களில் 270 பேருக்கு நோய் இருக்கும், 35 பேருக்கு இராது. இப்போது 89 வீதம். சோதனை மாறவில்லை, சூழ்நிலை மாறியிருக்கிறது. இதைத்தான் பேயஸ் தேற்றம் சொல்கிறது. தோமஸ் பேயஸ் இறந்த பிறகு 1763 இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. இரண்டரை நூற்றாண்டு கழிந்தும் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்குகிறார்கள், ஆகவே நீங்கள் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இசட் புள்ளியை வைத்துத்தான் கம்பஸ் கிடைத்தது. அது உண்மையில் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையை எனக்கு உடனே பிடித்துவிடும். தன்னுடைய வாழ்க்கையைத் தீர்மானித்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று அறிய விரும்புவதுதான் புள்ளிவிபரவியலுக்குள் வருவதற்கு மிகச் சரியான வாசல்.

2001 இலிருந்து இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின்படி நடக்கிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படி எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். இடை 52, நியம விலகல் 16 ஆன பாடத்தில் 68 எடுத்தவருக்கு 1. இடை 40, நியம விலகல் 10 ஆன பாடத்தில் 60 எடுத்தவருக்கு 2. வெறும் புள்ளியைப் பார்த்தால் 68 பெரிது. கடினமான வினாத்தாளில் மற்றவர்களைவிட எவ்வளவு முன்னுக்கு நின்றார் என்று பார்த்தால் 60 பெரிது.

பரவலான ஒரு பிழையான எண்ணத்தை இங்கேயே திருத்திவிடுகிறேன். இசட் புள்ளி எடுத்தால் புள்ளிகள் மணி வடிவச் செவ்வன் பரம்பலாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஒரு பக்கம் சரிந்த பரம்பல் சரிந்தபடியே இருக்கும். இடை பூச்சியமும் நியம விலகல் ஒன்றுமாக மாறும், அவ்வளவுதான்.

இனி 2011. அந்த வருட உயர்தரத்தைப் புதிய பாடத்திட்டத்தில் ஒரு தொகுதியும் பழைய பாடத்திட்டத்தில் இன்னொரு தொகுதியும் எழுதின. இரண்டு தொகுதிகளையும் இணைத்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்தக் கணிப்பு செல்லாது என்று தீர்ப்பாகி, இரண்டு தொகுதிகளுக்கும் தனித்தனியாகக் கணிக்க வேண்டியதாயிற்று. நாடு முழுவதும் பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இணைத்தால் என்ன நடக்கும் என்று சிறிய இலக்கங்களில் பார்ப்போம். பழைய திட்டத்தின் இடை 40, புதியதன் இடை 60, இரண்டின் நியம விலகலும் 10, ஆட்தொகை சமன் என வையுங்கள். இணைத்தால் இடை 50. மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) 100 அல்ல, 200, ஏனென்றால் இரண்டு இடைகளும் தள்ளித் தள்ளி நிற்பதும் அதில் சேர்ந்துவிடும். நியம விலகல் ஏறத்தாழ 14.1. பழைய திட்டத்தில் 50 எடுத்த பிள்ளை தன் தொகுதியில் ஒரு நியம விலகல் மேலே நிற்கிறது. இணைத்த கணிப்பில் அதற்குக் கிடைப்பது பூச்சியம். புதிய திட்டத்தில் 60 எடுத்து நட்டநடுவில் நிற்கும் பிள்ளைக்கு 0.71.

அப்படியானால் தனித்தனியாகக் கணிப்பதுதான் எப்போதும் நியாயமா? அவசரப்படாதீர்கள். தனித்தனியாகக் கணிக்கும்போது ‘இரண்டு தொகுதிப் பிள்ளைகளின் திறமையும் சராசரியாக ஒன்றுதான், வினாத்தாள்களின் கடினம்தான் வேறு’ என்று எடுத்துக்கொள்கிறோம். இணைக்கும்போது ‘வினாத்தாள்களின் கடினம் ஒன்றுதான், திறமைதான் வேறு’ என்று எடுத்துக்கொள்கிறோம். புள்ளிகளை மட்டும் பார்த்து இவற்றில் எது உண்மை என்று கண்டுபிடிக்கவே முடியாது. வெளியிலிருந்து தகவல் வேண்டும். எடுத்துக்கொண்டது என்ன என்று வெளியே சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் நாட்டில் இல்லை.

மத்திய எல்லைத் தேற்றத்தை எப்படி விளங்கிக்கொள்வது?

முதலில் அது எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம். ‘மாதிரி பெரிதானால் தரவு செவ்வன் பரம்பலைக் கொள்ளும்’ என்று பரீட்சைத் தாளில் வருடா வருடம் வரும். குடும்பங்களின் வருமானத்தை 10,000 வீட்டில் சேகரித்தாலும் அது வலப்பக்கம் நீண்ட வாலோடுதான் இருக்கும். செவ்வனை நோக்கிப் போவது மாதிரியின் சராசரி. அதாவது இதே அளவில் இன்னொரு மாதிரி, இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போனால் அந்தச் சராசரிகள் பரம்பும் விதம்.

நாணயம் சுண்டும் கணக்குக்கு ஆபிரகாம் டி மொய்வர் இதை 1733 இல் கண்டார். லப்லாஸ் விரிவாக்கினார். வேண்டியவை இரண்டு: சாராமை, முடிவுள்ள மாறற்றிறன். இரண்டாவதைப் பிள்ளைகள் அலட்சியமாக விட்டுவிடுவார்கள். கோஷிப் பரம்பலிலிருந்து ஆயிரம் பெறுமானம் எடுத்துச் சராசரி பார்த்தால், அந்தச் சராசரியின் பரம்பல் ஒரே ஒரு பெறுமானத்தின் பரம்பலாகவே இருக்கும். ஆயிரம் எடுத்தும் ஒரு பயனும் இல்லை! இதைக் கணினியில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது.

‘30 இருந்தால் போதும்’ என்பது ஒரு கைவழக்கம், தேற்றம் அல்ல. சமச்சீரான தரவுக்கு 10 போதலாம், கடுமையாகச் சரிந்த தரவுக்கு 300 உம் போதாமல் போகலாம். அப்புறம் ஒன்று: வழு, மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் குறைவதால், வழுவைப் பாதியாக்க நாலு மடங்கு மாதிரி வேண்டும். கள ஆய்வுக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு இந்த ஒரு வரியைத்தான் நான் முதலில் சொல்லுவேன்.

பி-பெறுமானம் 0.03 என்றால் கருதுகோள் பிழையாக இருக்க 97 வீத வாய்ப்பு என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. கோண்டாவில் செம்மண்ணில் ஒரு கமக்காரர் வெங்காயப் பாத்திகளில் பாதிக்குப் புதிய பசளை போடுகிறார், எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கி எடுத்தது. விளைச்சலில் வித்தியாசம் தெரிகிறது. பி-பெறுமானம் 0.03 என்றால்: பசளைக்கு எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், சீட்டு விழுந்த விதத்தால் மட்டும் இவ்வளவோ இதைவிடக் கூடவோ வித்தியாசம் தெரிவதற்கான நிகழ்தகவு 3 வீதம். பலன் இல்லை என்று எடுத்துக்கொண்டு தொடங்கிய கணக்கு அது. பலன் இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பை அதிலிருந்து எடுக்க முடியாது. டெங்குச் சோதனையில் பார்த்த அதே தலைகீழ்ப் பிழைதான் இது, வேறு உடுப்பில் வந்திருக்கிறது.

சீட்டுக் குலுக்கல் ஏன் முக்கியம் என்பதை ரொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பயிர்ப் பாத்திகளோடு வேலை செய்தபோது வளர்த்தெடுத்தார். நெய்மனும் எகொன் பியர்சனும் 1933 இல் வேறொரு வழியில் கருதுகோள் சோதனையைக் கட்டினார்கள். இன்று விரிவுரையில் இரண்டையும் கலந்துதான் படிப்பிக்கிறோம். முடிந்தால் பிரித்துப் படியுங்கள், கனக்கத் தெளியும்.

அளவைக் கோட்பாடு எல்லோருக்கும் தேவையா?

நீளம், பரப்பு, நிகழ்தகவு எல்லாவற்றையும் ‘அளவு’ என்ற ஒரே கருத்தில் பொதுவாக்கிப் பார்க்கும் கணிதம் அது. மூன்று வருடப் பட்டத்தோடு வேலைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை. சிறப்புப் பட்டம் செய்து மேலே ஆராய்ச்சிக்குப் போக நினைத்தால் கட்டாயம். கொல்மொகோரோவ் 1933 இல் நிகழ்தகவை அளவைக் கோட்பாட்டின் மேல் நிறுத்திய பிறகுதான் அது சூதாட்டக் கணக்கு என்ற நிலையிலிருந்து கணிதத்தின் முழு அங்கமானது. சென்னையில் 1940 இல் பிறந்து, பிரசிடென்சிக் கல்லூரியிலும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் படித்த எஸ். ஆர். எஸ். வரதன், மிக அரிதான நிகழ்ச்சிகளின் நிகழ்தகவு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதற்கான பெரும் விலகல் கோட்பாட்டுக்காக 2007 இல் ஏபெல் பரிசு பெற்றார். தமிழ்ப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் ஒன்றும் இதில் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

எந்த மென்பொருள் படிக்கலாம்?

ஆர் (R). இலவசம், சாதாரண மடிக்கணினியிலும் ஓடும், புள்ளிவிபரவியலாளர்களே எழுதியது. பிறகு பைதன். எஸ்பிஎஸ்எஸ் சில இடங்களில் கேட்பார்கள், தேவைப்படும்போது ஒரு கிழமையில் பழகலாம்.

மென்பொருளைத் தரவைப் பகுப்பாய்வு செய்ய மட்டும் என்று நினைக்காதீர்கள். நிறுவிய விடையைச் சரிபார்க்கவும் அதுதான். ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தால், யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான நிகழ்தகவு பாதியைக் கொஞ்சம் தாண்டும், 0.507. நம்பாவிட்டால் ஐந்து வரி எழுதி ஆயிரம் வகுப்புகளை உருவாக்கி எண்ணுங்கள்.

குப்பியும் பாஸ் பேப்பரும் போதுமா?

பரீட்சைக்கு முன் குப்பி வகுப்பு (மாணவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் எடுக்கும் வகுப்பு) நல்லது, அதுவும் குப்பி எடுக்கிறவருக்கு இரட்டிப்பு நல்லது. மற்றவருக்கு விளங்கப்படுத்தும்போதுதான் தனக்கு எங்கே விளங்கவில்லை என்று தெரியும். ஆகவே மாறி மாறி எடுங்கள். பாஸ் பேப்பரை விடையோடு சேர்த்து வாசிப்பது படிப்பு இல்லை. ஒரு கணக்கோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டி விடை வராமல் எழும்பினாலும் அது வீணான பின்னேரம் இல்லை. ஐந்து புத்தகத்தின் பிடிஎப்பைத் தொலைபேசியில் வைத்திருப்பதைவிட ஒரு புத்தகத்தின் பயிற்சிகளை ஒன்றுவிடாமல் செய்து முடியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

கேள்வியே தேவையில்லை என்னும் அளவுக்கு விஷயம் கிடக்கிறது, ஆனால் பிள்ளைகள் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கத் தரவைத்தான் தேடுகிறார்கள்.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம், தோட்டப் பகுதிகளில் அதில் நைத்திரேற்று கூடுவது பல காலமாக ஆராயப்படும் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. 10 ஊரில் ஊருக்குப் 10 கிணறாக 100 கிணற்றுத் தண்ணீர் எடுத்தால் 100 தகவலா? இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் ஒரே நீரைப் பகிர்கின்றன. ஓர் ஊருக்குள் இருக்கும் கிணறுகளின் தொடர்பு 0.3 என வைத்தால், சராசரியின் மாறற்றிறன் 1 + 9 × 0.3, அதாவது 3.7 மடங்காகும். 100 கிணறு, சாராத 27 கிணற்றுக்குத்தான் சமன். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தால் கதை இன்னும் மாறும். இவ்வளவையும் ஒழுங்காகக் கையாண்டு ஒரு பிள்ளை எழுதும் ஆய்வு, ஊருக்கும் உதவும் பாடத்துக்கும் பெருமை.

மழை இன்னொன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றில் மழை நாட்கள் கூட்டமாக வரும். இன்று மழை பெய்தால் நாளையும் பெய்ய 0.7, இன்று இல்லாவிட்டால் நாளை பெய்ய 0.2 என எடுத்தால், மார்க்கோவ் சங்கிலியின்படி நீண்டகாலத்தில் 40 வீதமான நாட்கள் மழை நாட்கள். உண்மையான நாளாந்தப் பதிவுகளை வைத்து இந்த நிகழ்தகவுகளை மதிப்பிட்டு, ஒரு நாள் ஞாபகம் போதுமா, இரண்டு நாள் வேண்டுமா என்று சோதிப்பது அருமையான நான்காம் வருட வேலை.

மூன்றாவது என் மனதுக்கு மிக நெருக்கமானது. 2001 குடிசன மதிப்பீடு போர்ச் சூழலால் யாழ்ப்பாணம் உட்படப் பல வடக்குக் கிழக்கு மாவட்டங்களில் முழுமையாக நடக்கவில்லை. 1981 க்குப் பிறகு தீவு முழுவதும் மீண்டும் முதன்முறையாக எண்ணியது 2012 இல்தான். முப்பத்தொரு வருடம் எங்களுடைய மாவட்டத்தின் தரவில் ஓர் ஓட்டை. விடுபட்ட தரவை எப்படிக் கையாள்வது என்பது உலகெங்கும் வளர்ந்துவரும் துறை. போன ஆட்கள் எழுமாறாகப் போகவில்லை, வயதும் வசதியும் ஊரும் பார்த்துத்தான் இடப்பெயர்வு நடந்தது. ஆகவே நடுவில் ஒரு நேர்கோடு போட்டு நிரப்ப முடியாது. பாடசாலைப் பதிவுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள், வாக்காளர் இடாப்புகள் என்று வேறு மூலங்களைச் சேர்த்து யோசிக்க வேண்டும். இதை எங்கள் பிள்ளைகள் செய்யாவிட்டால் யார் செய்வார்கள்?

படித்தால் வேலை கிடைக்குமா? கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம், மத்திய வங்கி, வங்கிகள், காப்புறுதி, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் தரவுப் பகுப்பாய்வு வேலைகள் என்று வழிகள் உண்டு. கூடுதலானவை கொழும்பில்தான். வடக்கில் ஆசிரியப் பணி, பல்கலைக்கழகப் பணி, கள ஆய்வு செய்யும் தொண்டு நிறுவனங்கள், இப்போது வீட்டில் இருந்தே செய்யும் வெளிநாட்டு வேலைகள். காப்புறுதிப் பக்கம் போக விரும்பினால் படிக்கும்போதே எண்கணிப்பாளர் (காப்புறுதி இடர்களைக் கணிப்பவர், actuary) பரீட்சைகளைத் தொடங்கலாம். அமெரிக்க எண்கணிப்பாளர் சங்கத்தின் ஆரம்பப் பரீட்சைகளில் ஒன்று முழுக்க முழுக்க நிகழ்தகவுதான். பெற்றோருக்கு ஒன்று: பட்டத்தின் பெயரைவிட, தரவைக் கையில் கொடுத்தால் இந்தப் பிள்ளை எழுதித் தரும் இரண்டு பக்க அறிக்கை தெளிவாக இருக்கிறதா என்றுதான் வேலை தருகிறவர்கள் பார்க்கிறார்கள்.

மேலே எங்கே படிக்கலாம்?

பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் பிரயோகப் புள்ளிவிபரவியலில் முதுமாணி நடத்துகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியலுக்கென்றே தனித் துறை உண்டு. வெளியே போவதானால் மகலனோபிஸ் 1931 இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை மறக்க வேண்டாம், நுழைவுப் பரீட்சை கடினம், படிப்பு அதற்குத் தகுந்தது.

கம்பஸ் தொடங்க இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்?

புதிய பாடம் ஒன்றும் தொடங்க வேண்டாம். தொகையீட்டை மறக்காமல் வைத்திருங்கள். கீழே உள்ள கணக்கை எடுத்து ஒரு கிழமை வைத்திருங்கள், விடையை நானே தருகிறேன், காரணம் மட்டும் உங்களுடையது.

ஒரு நேர்மையான நாணயத்தைத் தொடர்ந்து சுண்டுகிறீர்கள். அடுத்தடுத்து தலை, தலை விழும்வரை சராசரியாக எத்தனை தரம் சுண்ட வேண்டும்? விடை 6. தலை, பூ என்ற வரிசையில் விழும்வரை எத்தனை தரம்? விடை 4. இரண்டு தரம் மட்டும் சுண்டினால் இரண்டுக்கும் நிகழ்தகவு கால் பங்குதான், பிறகு எப்படி 6 உம் 4 உம்? முதலில் ஒரு நாணயத்தை எடுத்து ஐம்பது தொடர்களாவது சுண்டி எழுதுங்கள். பிறகு, ஒரு தலை விழுந்துவிட்ட நிலையில் நிற்கும்போது அடுத்த சுண்டல் பிழைத்தால் எங்கே திரும்பிப் போகிறீர்கள் என்று ஒவ்வொரு கணக்குக்கும் சொந்த வசனத்தில் எழுதுங்கள். சமன்பாட்டை அதற்குப் பிறகு தொடுங்கள்.